துப்பாக்கிக்கு இந்த விலை தகுமா?

புளி வரத்து, மல்லி விலை, மிளகாய் இருப்பு என்று எழுதி வந்தவன் இந்த மாதம் துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். இதுவும் ஒரு கொள்முதல் விஷயம்தான். லட்ச ரூபாய்க்கு மேல் முதல் போட்டு ஒரு பொருளை வாங்கலாமா, அதன் விலை வருடத்துக்கு வருடம் ஏறுவது நியாயமா என்று என்னிடம் கேட்கப்பட்டது. நாற்பது வருடமாக விலை கேட்டும் விலை சொல்லியும் பழகியவன் என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

கேட்டவன் என் தங்கை மகன். தென்கரையில் சமையல் எண்ணெய் விநியோகம் வைத்திருக்கிறான். தேவதானப்பட்டி சாலையில் இரவு வசூல் முடிந்து வந்துகொண்டிருந்த அவனுடைய பையனை இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து மறித்து, பையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய். பையன் கீழே விழுந்ததில் முழங்கை எலும்பு முறிந்தது. பணத்தைவிட அந்தப் பையனின் தாயார் கடை வாசலில் வந்து நின்று அழுததுதான் மருமகனை அலைக்கழித்தது. அதற்குப் பிறகு அவன் சரியாகத் தூங்கவில்லை.

ஒருநாள் இரவு கடை சாத்தும் நேரத்தில் வந்து, செல்போனை என் முன்னால் நீட்டினான்.

"மாமா, இதைப் பாருங்க. அமெரிக்காவில செய்யிற துப்பாக்கி. இரண்டாயிரம் டாலராம். ரொம்ப உசந்த சரக்கு. வருசா வருசம் விலை ஏறிக்கிட்டே இருக்காம். இந்த மாதிரி ஒண்ணு நமக்குக் கிடைக்குமா?"

"மாப்ளே, நீ எண்ணெய் விக்கிறியா, எல்லைக்குக் காவலுக்குப் போறியா?" என்றேன். அவன் சிரிக்கவில்லை. அவன் சிரிக்காததால்தான் நானும் விளையாட்டை விட்டுவிட்டு விசாரிக்க ஆரம்பித்தேன்.

அவன் காட்டியது அரைத் தானியங்கித் துப்பாக்கி. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு போகும். காலித் தோட்டா தானாக வெளியே விழுந்து, அடுத்த தோட்டா தானாக ஏறி நிற்கும். மறுபடி அழுத்தினால் மறுபடி சுடும். நம் ஊர்ப் பக்கம் தோட்டக்காரர்கள் சிலரிடம் இருக்கும் .315 ரைபிளில் ஒவ்வொரு முறையும் கைப்பிடியை இழுத்துத் தள்ள வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அந்த வித்தியாசத்தில்தான் சட்டமும் விலையும் இருக்கின்றன.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1959ஆம் வருட ஆயுதச் சட்டமும் 2016ஆம் வருட ஆயுத விதிகளும் அரைத் தானியங்கி ரைபிளைக் கட்டுப்படுத்தப்பட்ட வகையில் வைத்திருக்கின்றன. நம்மைப் போன்ற வியாபாரிகள் கலெக்டரிடம் மனுக் கொடுத்து வாங்கக்கூடிய பொருள் அல்ல அது. கைத்துப்பாக்கி, ரிவால்வர், இரட்டைக்குழல் துப்பாக்கி, .315 ரைபிள் ஆகியவற்றுக்கு உரிமம் கேட்கலாம். கேட்டால் கிடைக்கும் என்று அர்த்தம் இல்லை. ஆகவே மருமகன் காட்டிய சரக்கு நமக்கு இல்லை என்பது ஐந்து நிமிடத்தில் முடிந்துபோன பேச்சு. ஆனாலும் அவன் விடவில்லை. "அப்ப கைத்துப்பாக்கி வாங்குறேன் மாமா. அதுவும் ஒண்ணரை லட்சம், ரெண்டு லட்சம்னு சொல்றாங்க. இப்பவே வாங்கிட்டா நல்லதா? இன்னும் ஏறுமா?" என்றான். இது வியாபாரக் கேள்வி. இதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

விலை ஏன் ஏறுகிறது?

ஒரு பொருளின் விலை ஏறினால் நாம் என்ன பார்ப்போம்? சரக்கின் தரம் கூடியதா, நாணய மதிப்பு இறங்கியதா, வரி ஏறியதா, வரத்துக் குறைந்ததா என்று பார்ப்போம். பெருங்காயப் பால் ஆப்கானிஸ்தானிலிருந்து வருகிறது. டாலர் ஏறினால் பெருங்காய டப்பா விலையும் ஏறுகிறது. காயத்தின் வாசனை கூடிவிட்டது என்று எந்த மளிகைக் கடைக்காரரும் வாடிக்கையாளரிடம் சொல்ல மாட்டார். துப்பாக்கி விஷயத்திலும் இதையே பார்த்தேன்.

நல்ல உதாரணம் நம் ராணுவத்தின் கொள்முதலிலேயே இருக்கிறது. 2019 பிப்ரவரியில் அமெரிக்காவின் சிக் சாவர் கம்பெனியிடமிருந்து 72,400 ரைபிள்கள் வாங்க நம் அரசு ஒப்பந்தம் போட்டது. அரைத் தானியங்கி முறையில் சுடக்கூடிய 7.62 மில்லிமீட்டர் துப்பாக்கி. உலகத்தில் உயர்ந்த சரக்கு என்று பெயர் பெற்றது. தொகை சுமார் 700 கோடி ரூபாய். வகுத்தால் ஒன்றுக்கு 97 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. 2024 ஆகஸ்டில் அதே கம்பெனியிடம் இன்னும் 73,000 ரைபிள்களுக்கு ஆர்டர் போனது. இந்த முறை தொகை 837 கோடி. ஒன்றுக்கு ஏறத்தாழ 1 லட்சத்து 14 ஆயிரத்து 650 ரூபாய். ஐந்தரை வருடத்தில் நூற்றுக்குப் பதினெட்டு, பத்தொன்பது ரூபாய் ஏறியிருக்கிறது.

பார்த்தவுடன், "ஆகா, சரக்கு நல்ல சரக்கு, அதனால் விலை ஏறுகிறது" என்று தோன்றும். ஆனால் 2019 தொடக்கத்தில் டாலர் சுமார் 71 ரூபாய். 2024 ஆகஸ்டில் சுமார் 84 ரூபாய். அதுவும் நூற்றுக்குப் பதினெட்டுதான். டாலர் கணக்கில் பார்த்தால் அந்தத் துப்பாக்கி அன்றைக்கு என்ன விலையோ ஏறக்குறைய அதே விலையில்தான் இன்றைக்கும் இருக்கிறது. ஏறியது டாலர். இந்தக் கணக்கை நான் துண்டுத்தாளில் போட்டுக் காட்டியபோது மருமகன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அவனுக்கு மலேசியப் பாமாயில் ஞாபகம் வந்திருக்கும்.

இன்னொரு கணக்கு. 2021 டிசம்பரில் ரஷ்ய மாதிரியான ஏகே-203 துப்பாக்கிகளை உத்தரப் பிரதேசம் அமேதி மாவட்டத்தில் உள்ள கோர்வாவில் தயாரிக்க ஒப்பந்தம் ஆனது. எண்ணிக்கை 6,01,427. தொகை 5,000 கோடிக்கு மேல். சராசரி ஒன்றுக்கு 83 ஆயிரத்துக்கு மேல் வருகிறது. போர்க்களத்தில் மணலிலும் பனியிலும் கிடந்து சுட வேண்டிய ராணுவத் துப்பாக்கியின் விலை இது.

இப்போது பொதுமக்களுக்கான சரக்கைப் பாருங்கள். 2014 ஜனவரியில் கான்பூர் பீல்டு கன் தொழிற்சாலை பெண்களின் பாதுகாப்புக்கு என்று 'நிர்பீக்' என்ற சிறிய ரிவால்வரை வெளியிட்டது. .32 குழல். எடை சுமார் 500 கிராம். ஆறு தோட்டா. விலை 1 லட்சத்து 22 ஆயிரத்து 360 ரூபாய். அன்றைக்கு அந்தப் பணத்தில் ஐந்து பவுன் நகை வாங்கி, மிச்சத்துக்குப் பலசரக்கும் வாங்கியிருக்கலாம். 2020இல் வெப்லி அண்ட் ஸ்காட் என்ற பழைய ஆங்கிலேயக் கம்பெனி உத்தரப் பிரதேசத்தில் கூட்டாகத் தயாரித்த .32 ரிவால்வரின் விலையைச் சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம் என்று அறிவித்தார்கள்.

ராணுவத் துப்பாக்கி 83 ஆயிரம், கைக்குள் அடங்கும் ஆறு தோட்டா ரிவால்வர் ஒண்ணேகால் லட்சம். இது என்ன கூத்து? மொத்த வியாபாரம் செய்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆறு லட்சம் உருப்படிக்கு ஒரே ஆர்டர் என்றால் அடக்க விலை தரையில் உட்கார்ந்துவிடும். ரிவால்வர் சில்லறையில் போகிற சரக்கு. வாங்குபவர்களும் கையில் உரிமம் உள்ள சிலர் மட்டுமே. அவர்களுக்கு வேறு கடைக்குப் போக வழியில்லை.

வழியில்லை என்று ஏன் சொல்கிறேன் என்றால், 1980களின் நடுவிலிருந்து சாதாரண உரிமதாரர்களுக்குத் துப்பாக்கி இறக்குமதி மூடப்பட்டுவிட்டது. விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. கதவு சாத்திய பிறகு உள்ளே ஏற்கெனவே வந்திருந்த வெளிநாட்டுத் துப்பாக்கிகளுக்கு அடித்தது யோகம். ஐம்பது, அறுபது வருடப் பழைய கைத்துப்பாக்கி ஒன்று, அது பிறந்த நாட்டில் பழைய சாமான் கடையில் கிடைக்கிற பொருள், இங்கே பல லட்சத்துக்குக் கை மாறுகிறது. சரக்கு தேய்ந்துகொண்டே போகிறது, விலை ஏறிக்கொண்டே போகிறது. நம் தொழிலில் பழைய அரிசிக்கும் பழைய புளிக்கும்தான் அந்த மரியாதை.

வரியையும் சேருங்கள். ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் ஜி.எஸ்.டி. முதலில் நூற்றுக்கு 28 ஆக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 40. பொருளின் விலை ஒரு லட்சம் என்று வைத்துக்கொண்டால், முன்பு கையிலிருந்து போனது 1,28,000. இப்போது போவது 1,40,000. பன்னிரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறோம். அதே இரும்பு, அதே ஸ்பிரிங், அதே ஆறு ஓட்டை.

பயத்தின் விலை

அமெரிக்காவில் நடந்ததைச் சொன்னால் நம் ஏல வியாபாரிகளுக்குச் சட்டென்று விளங்கும். 2012 டிசம்பரில் அங்கே ஒரு ஆரம்பப் பள்ளியில் ஒருவன் புகுந்து குழந்தைகளைச் சுட்டுக் கொன்றான். மனதைப் பிசைந்த சம்பவம். அரைத் தானியங்கி ரைபிளுக்கு இனி தடை வந்துவிடும் என்று பேச்சு எழுந்தது. தடை வருவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று ஜனங்கள் கடைகளில் குவிந்தார்கள். சரக்கு இல்லை. விலை இரட்டிப்பு வரை போனது. கம்பெனிகள் இரவும் பகலும் உற்பத்தி செய்தன. தடை வரவில்லை. 2016 தேர்தலுக்குப் பிறகு தடை வரும் என்ற பயமும் போய்விட்டது. பயம் போனதும் வியாபாரமும் படுத்துவிட்டது. 2018 மார்ச்சில் இருநூறு வருடப் பழமையான ரெமிங்டன் கம்பெனி திவால் மனுக் கொடுத்தது. 2019 செப்டம்பரில், இந்த ரகத் துப்பாக்கிக்கே பேர்போன கோல்ட் கம்பெனி, சந்தையில் சரக்கு மிஞ்சிக் கிடக்கிறது என்று சொல்லிப் பொதுமக்களுக்கான ரைபிள் உற்பத்தியை நிறுத்தி வைத்தது.

அதே 2019இல் நம் பக்கம் என்ன நடந்தது? 2018 வெள்ளத்தில் ஏலத்தோட்டங்கள் அழிந்து, அடுத்து மழையும் பொய்த்து, ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய்க்குப் போனது. போடியில் அன்றைக்கு யார் முகத்தைப் பார்த்தாலும் பல் தெரிந்தது. இன்னும் ஏறும் என்று இருப்பு வைத்தவர்களை எனக்குத் தெரியும். இரண்டு, மூன்று வருடத்தில் சாதாரண ரகம் ஆயிரத்துக்கும் கீழே வந்தபோது அவர்களில் சிலர் கடை மாற்றிக்கொண்டார்கள். தட்டுப்பாட்டில் ஏறிய விலையைத் தரத்தால் ஏறிய விலை என்று நம்பி முதல் போட்டவர்கள் அவர்கள். அமெரிக்காவில் துப்பாக்கியை அப்படி வாங்கிப் பரணில் அடுக்கியவர்களும் அதே ஜாதிதான்.

தரமே இல்லையா என்றால், இருக்கிறது. மட்டமான துப்பாக்கிக்கும் நல்ல துப்பாக்கிக்கும் வித்தியாசம் உண்டு. குழலின் எஃகு, உள்ளே திருகு வரி வெட்டிய நேர்த்தி, தோட்டா உட்காரும் அறையின் அளவு, தூசி பட்டாலும் சிக்கிக்கொள்ளாமல் சுடும் நம்பகம், இதற்கெல்லாம் காசு கொடுக்கலாம். குறி பார்த்துச் சுட்டுப் பரிசு வாங்குகிறவர்களுக்கு அதற்கு மேலும் தகும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது ஜெர்மானிய ஏர் ரைபிளில். அது ஒருமுறைக்கு ஒரு குண்டு மட்டும் சுடுகிற சாது. ஆனால் உயர்ந்த ரகத்திலிருந்து மிக உயர்ந்த ரகத்துக்குப் போகும்போது கொடுக்கிற கூடுதல் பணம் மினுக்குக்கும் பெயருக்கும்தான் பெரும்பாலும் போகிறது. நகைக் கடைக்காரர் மில்லிகிராம் தராசு வைத்திருக்கிறார். அவருக்கு அது வேண்டும். நான் அந்தத் தராசை வாங்கித் துவரம் பருப்பு நிறுத்தால் எனக்கு என்ன மிச்சம்?

எங்கள் வீட்டுத் துப்பாக்கி

நான் புத்தகம் படித்து மட்டும் இதைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு துப்பாக்கி இருக்கிறது. என் தகப்பனார் வாங்கிய 12 போர் இரட்டைக்குழல். மலையில் ஏலத்தோட்டம் வைத்திருந்த ஒரு துரையிடம் இருந்து கை மாறி, இன்னொரு தோட்டக்காரரிடம் வந்து, 1960களின் கடைசியில் அப்பாவிடம் வந்தது. அப்போது நாங்கள் மதுரை மாவட்டம். உரிமம் புதுப்பிக்க மதுரைக்கு பஸ் ஏறிப் போவார். மிளகு, ஏலம் கொள்முதலுக்குப் போடி, கம்பம் என்று ரொக்கத்தோடு ஜீப்பில் போகிற காலம். பேங்கு டிராப்ட்டை மலைக்காரர்கள் கையால் தொட மாட்டார்கள். பின் சீட்டில் கோணிச் சாக்குக்குள் துப்பாக்கி படுத்திருக்கும்.

அப்பா அதைத் திருடனுக்கு எதிராக ஒருமுறையும் சுட்டதில்லை. மலையடிவாரத்தில் எங்களுக்கு இருந்த மாந்தோப்பில் பன்றி புகுந்தபோது வானத்தைப் பார்த்து இரண்டு முறை சுட்டிருக்கிறார். மூன்றாவது முறை தோட்டா ஈரம் பட்டு வெடிக்கவில்லை. காவல்காரர் தகர டின்னைத் தட்டி விரட்டினார். அதற்குப் பிறகு தோப்புக்கு டின் மட்டுமே போயிற்று. இப்போது அந்தப் பயனும் கிடையாது. காட்டுப் பன்றியானாலும் நாமாகச் சுடுவது 1972ஆம் வருட வனவிலங்குச் சட்டப்படி குற்றம். 2025 ஜனவரியில் தமிழக அரசு வகுத்த முறையில்கூட, காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்த பன்றியை வனத்துறை ஆட்கள்தான் சுடலாம். ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குள் அதுவும் கிடையாது. தோட்டக்காரர் துப்பாக்கியை எடுக்க எங்குமே இடமில்லை.

நம் பகுதிக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. சரணாலய எல்லையிலிருந்து பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள் புதிய துப்பாக்கி உரிமம் வேண்டுமானால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் இசைவு வேண்டும் என்று அதே வனவிலங்குச் சட்டம் சொல்கிறது. ஒருபக்கம் 2013இல் அறிவித்த கொடைக்கானல் சரணாலயம், மறுபக்கம் 2021இல் புலிகள் காப்பகமாக ஆன மேகமலை. மலையடிவாரத்தில் குடியிருப்பவர்கள் மனுக் கொடுக்கும் முன் இதை விசாரித்துக்கொள்வது நல்லது. மனுப் போட்டு, போலீஸ் விசாரணை, பயிற்சிச் சான்று என்று அலைந்து, கடைசியில் இந்த இசைவுக்காக நின்றால் சங்கடம்.

அப்பாவுக்குப் பிறகு துப்பாக்கி என் பெயருக்கு வந்தது. ஒவ்வொரு தேர்தல் அறிவிப்புக்கும் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டியிருந்தது. பாராளுமன்றம், சட்டசபை, உள்ளாட்சி என்று வந்துகொண்டே இருக்கும். முடிவு வந்த பிறகு போய் வாங்கி வந்து, எண்ணெய் போட்டுத் துடைத்து, மறுபடி பூட்டி வைப்பேன். தேர்தல் சமயத்தில் ரொக்கம் கொண்டுபோகிற வியாபாரிக்குத்தான் பறக்கும் படை பயம் உட்பட எல்லாப் பயமும். அந்த நேரம் பார்த்துத் துப்பாக்கி ஸ்டேஷனில் ஓய்வெடுக்கும்.

சரி, மற்ற நாளில் உதவியதா? என் கதையைக் கேளுங்கள். சில வருடங்களுக்கு முன், ஒரு பேங்கில் 42 ஆயிரம் எடுத்துக்கொண்டு வெளியே வந்து ஸ்கூட்டரில் பையை மாட்டினேன். "ஐயா, உங்க பணம் கீழே கிடக்கு" என்றான் ஒருவன். பார்த்தால் நாலைந்து பத்து ரூபாய் நோட்டுகள். குனிந்து பொறுக்கினேன். நிமிர்ந்தால் பையும் இல்லை, சொன்னவனும் இல்லை. பத்திரிகையில் பத்து முறை படித்த தந்திரம். படித்தவனும் குனிந்தான். அன்று என் இடுப்பில் பீரங்கியே கட்டியிருந்தாலும் என்ன செய்திருப்பேன்? பத்து ரூபாய் நோட்டைச் சுட்டிருப்பேனா? வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி, "போனது போகட்டும், குனிஞ்சு எடுத்த அம்பது ரூபாயாவது பத்திரமா இருக்கா?" என்று கேட்டாள். அதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்.

மருமகனின் பையனுக்கு நடந்ததும் அப்படித்தான். மறித்துப் பிடுங்கிக்கொண்டு பறந்ததெல்லாம் ஐந்து, ஆறு விநாடி. துப்பாக்கி உரிமம் முதலாளி பெயரில் இருக்கும், பணம் பையன் கையில் போகும். உரிமதாரரைத் தவிர வேறொருவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்து அனுப்பினால் கொடுத்தவருக்கும் கேஸ், கொண்டுபோனவருக்கும் கேஸ். முதலாளியே போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பையோடு ஓடுகிறவனின் முதுகில் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று கோர்ட்டில் சொன்னால் எடுபடுமா? தற்காப்பு உரிமையைச் சட்டம் தருகிறது. ஆபத்துக்குத் தக்க அளவுக்குத்தான் தருகிறது. அந்த அளவை இருட்டில், ஐந்து விநாடியில், கை நடுங்க முடிவு செய்ய வேண்டியவர் ஒரு எண்ணெய் வியாபாரி.

இதையெல்லாம் சொன்னபோது மருமகன் ஒரு கேள்வி கேட்டான். "அப்ப இடுப்பில துப்பாக்கி இருக்குன்னு தெரிஞ்சாலே கிட்ட வர மாட்டானே மாமா?" நியாயமான கேள்வி. துப்பாக்கியின் பயனில் பாதி அதுதான். அப்பாவின் ஜீப்பில் கோணிச் சாக்கு இருப்பது கம்பம் வரைக்கும் தெரியும். யாரும் மறிக்கவில்லை. ஆள் நடமாட்டமில்லாத மலைப்பாதையில் தனியாக எஸ்டேட் வைத்திருப்பவர், தினமும் தானே ரொக்கம் கொண்டுபோகிறவர், முறையாகப் பயிற்சி எடுத்தவர், இவர்களுக்கு அந்த விலை தகாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இருக்கிறது என்று தெரிந்தால் அதையே திருட வருகிறவனும் உண்டு. விதிப்படி பூட்டிய பெட்டியில் வைத்தால் அவசரத்துக்குக் கைக்கு வராது. வெளியே வைத்தால் வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். என் பேரனுக்கு ஆறு வயது. அலமாரிச் சாவி எங்கே என்று அவனுக்குத் தெரியும் என்பதை நான் போன தீபாவளிக்குத்தான் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து சாவி என் அரைஞாணில்.

மருமகன் செய்தது

இரண்டு லட்சத்தை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்யலாம் என்று இருவரும் உட்கார்ந்து எழுதினோம். முதலில் கிடைத்த பதில் எனக்கே வெட்கமாக இருந்தது. கடைக்கான இன்சூரன்ஸ் பாலிசியில் பணப் போக்குவரத்துக்கு என்று தனிப் பிரிவு சேர்த்துக்கொள்ளலாம். கடையிலிருந்து பேங்குக்கும், வசூல் முடிந்து கடைக்கும் வரும் வழியில் பணம் பறிபோனால், பாலிசியில் குறித்த தொகை வரை ஈடு கிடைக்கும். தீ விபத்துக்கு இன்சூரன்ஸ் எடுத்திருந்த மருமகன் இதை எடுக்கவில்லை. ஏஜெண்ட் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. நானும் இருபது வருடம் எடுக்காமல்தான் இருந்தேன். எடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பணம் கொண்டுபோகிறவர் உங்கள் சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டும், அன்றைய வசூல் சிட்டை சரியாக எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிளைம் நிற்கும்.

அடுத்தது, இரவு வசூலை நிறுத்தினான். தேவதானப்பட்டி, கெங்குவார்பட்டி பக்கத்துக் கடைகளுக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கு முன்பே வசூல் முடிந்து, அங்கேயே உள்ள பேங்கில் கட்டிவிட்டுப் பையன் வெறுங்கையோடு வருகிறான். பாதிக் கடைகள் செல்போனில் பணம் அனுப்பப் பழகிவிட்டன. மீதிப் பேர் "ரொக்கமாத்தான் தருவேன்" என்று நிற்கிறார்கள். அவர்களுக்கும் காரணம் இருக்கிறது, அதை இங்கே எழுத வேண்டாம். குடோன் வாசலில் இரண்டு கேமரா. பையனுக்கு ஹெல்மெட்டும், விபத்து இன்சூரன்ஸும். எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்துக்குள் முடிந்தது. அந்தப் பையனின் தாயாரை வரச் சொல்லி மருமகனே விவரத்தைச் சொன்னான். பையன் இப்போது கட்டுப் பிரித்து வேலைக்கு வருகிறான்.

துப்பாக்கி ஆசை முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மதுரையில் ரைபிள் கிளப்பில் சேர்ந்து சுடப் பழகலாமா என்று போன வாரம் கேட்டான். தாராளமாகப் போ என்றேன். அங்கே கிளப் துப்பாக்கி, கிளப் தோட்டா. பழகிய பிறகும் வாங்க வேண்டும் என்று தோன்றினால், அப்போது விலையைப் பேசுவோம்.

இனி என் வீட்டு விஷயம். எங்கள் இரட்டைக்குழலுக்கு மதுரையிலிருந்து ஒருவர் நல்ல விலை கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கூட்டிக் கேட்கிறார். வெளிநாட்டுச் சரக்கு, இனிமேல் வராத சரக்கு, அதனால்தான். உரிமதாரருக்கு எழுபது வயது ஆகிவிட்டாலோ, இருபத்தைந்து வருடம் துப்பாக்கி வைத்திருந்தாலோ, வாரிசு பெயருக்கு உரிமம் கேட்கலாம் என்று 2016 விதிகள் சொல்கின்றன. எனக்கு இருபத்தைந்து வருடம் தாண்டிவிட்டது. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். அந்தத் தவணையும் நெருங்குகிறது. மகனிடம், "உன் பேருக்கு மாத்தவா, வித்துரவா?" என்று கேட்டேன். அவன் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறான். "அடுத்த வாரம் வந்து பேசுறேன்பா" என்றான். மூன்று வாரம் ஆகிறது.